குங்குமி கொண்டு வந்த ஊதாப்பூ

செங்கரை ஏரியின் தென்மூலையில், கோரையும் நாணலும் அடர்ந்த இடத்தில், ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. தவளைகள், ஆமைகள், கரைப் பொந்தில் நீர்நாய்கள் என்று எல்லோரும் அங்கே அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். அவர்களோடு குங்குமி என்ற நீலத் தாழைக்கோழியும் அவள் புருஷன் நெட்டையனும் கூடு கட்டிக் குடியிருந்தார்கள்.

குங்குமி அழகி. உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும். அலகும் நெற்றியும் நல்ல குங்குமச் சிவப்பு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரில் முகம் பார்ப்பாள். அடுத்த வேலையாக, தான் முகம் பார்ப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பாள்.

யாரும் பார்க்க மாட்டார்கள். அவரவர்க்கு ஆயிரம் வேலை. நீர்நாய் துடுப்பன் மீன் பிடிக்கப் போய்விடுவான். ஆமை ஓட்டாண்டி வெயில் காயப் பாறைக்குக் கிளம்பிவிடுவார். எருமை காரி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அசைபோட ஆரம்பித்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள்.

"இந்த ஊருக்கு ரசனையே கிடையாதுங்க!" என்று குங்குமி நெட்டையனிடம் சொல்வாள்.

"ஆமாம்" என்பான் நெட்டையன். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். வீடு அமைதியாக இருக்க அவன் கண்டுபிடித்த வழி அது.

ஒருநாள் குங்குமி டவுன் பக்கம் இருந்த குளம் ஒன்றுக்குப் பறந்து போனாள். அங்கே குளம் முழுக்கப் பச்சை இலை. இலைக்கு மேலே கொத்துக் கொத்தாக ஊதாப்பூ. ஒவ்வொரு பூவிலும் மயிலிறகின் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு.

"என் நிறம்! அப்படியே என் நிறம்!" என்று குங்குமி துள்ளினாள்.

கரையில் ஒரு காகம் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தது. "இதுக்குப் பேரு ஆகாயத்தாமரை. வேணுமா? எடுத்துக்கோ. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ. மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாலும் சரிதான்!"

"இந்த ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு தாராள மனசு!" என்று குங்குமி வியந்தாள். அந்தக் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படவில்லை. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அதையெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. பூவைப் பார்த்தவள் பூவை மட்டும்தான் பார்த்தாள். ஒரே ஒரு செடியை அலகில் கவ்விக்கொண்டு ஊர் திரும்பினாள்.

தவளை தொண்டைமான்தான் அந்த ஊருக்குத் தண்டோரா. யார் வீட்டில் என்ன நடந்தாலும் நாணல் மேல் ஏறி அறிவித்துவிடுவான்.

"வாங்க, வாங்க! குங்குமி அக்கா வாசல்ல அதிசயப் பூ! வந்து பாருங்க!"

ஊரே வந்து பார்த்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். செடியைப் பார்க்கும் சாக்கில் குங்குமியையும் பார்த்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, என் பொந்து வாசலுக்கும் ஒண்ணு!" என்று துடுப்பன் கேட்டான்.

"என் பாறைப் பக்கத்துல ஒண்ணு இருந்தா குளிர்ச்சியா இருக்கும்மா" என்றார் ஓட்டாண்டி.

"எங்க வீட்டுக்கு ரெண்டு! பிள்ளைங்க நிறைய!" என்றான் தொண்டைமான்.

செடி பக்கத்திலேயே குட்டி போட்டுக்கொண்டிருந்தது. குங்குமி கிள்ளிக் கிள்ளி வீட்டுக்கு வீடு கொடுத்தாள். காரிக்கும் ஒன்று கொடுத்தாள்.

"இது தின்னவா, பார்க்கவா?" என்று காரி கேட்டாள்.

"பார்க்கத்தான் காரியம்மா!"

"அப்படியா" என்று சொல்லிவிட்டு காரி அதைத் தின்றாள். "வெறும் தண்ணி. ருசியே இல்லை" என்று அசைபோட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் ஊரே ஊதாவாக இருந்தது. பிறகு பூக்கள் வாடின. செடிகள் வாடவில்லை. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, ஒரு வாசல் செடி அடுத்த வாசல் செடியோடு கை கோர்த்தது. கோடை முடிவதற்குள் தென்மூலைத் தண்ணீர் முழுவதும் மூடிவிட்டது.

ஓட்டாண்டி மூச்சு விட மேலே வந்தால் தலை இலையில் முட்டியது. வழி தெரியாமல் துழாவி, ஒருநாள் தவளை வீட்டுக்குள் தலையை நீட்டிவிட்டார். துடுப்பன் மீனைத் துரத்திக்கொண்டு போய் வேர்க்கொத்தில் சிக்கி, கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை போல வெளியே வந்தான். மீன் தப்பிவிட்டது. அதற்குப் பிறகு துரத்தவும் மீன் இல்லை. அடியில் வெளிச்சம் போகாமல் தண்ணீர் கறுத்து நாறியது. மீன்கள் வடகரைக்கு இடம்பெயர்ந்தன. துடுப்பனின் குட்டிகள் நத்தையைக் கடித்துக்கொண்டு அழுதன. கொசு மட்டும் பெருகியது. தவளைகளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

ஊர் கூடிப் பேசியது. பேச்சு ஒரே நிமிடத்தில் சண்டையாகிவிட்டது.

"என் வாசல் செடி ஒழுங்கான செடி. அடுத்த வீட்டுச் செடிதான் பரவுது!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் துடுப்பன் தன் வாசல் செடிகளை முட்டி மோதி ஓட்டாண்டியின் பாறைப் பக்கம் தள்ளிவிட்டான். ஓட்டாண்டி அவற்றைப் பொறுமையாகத் தவளைகளின் பக்கம் தள்ளினார். தவளைகள் குடும்பத்தோடு சேர்ந்து துடுப்பன் பக்கம் தள்ளின. சாயங்காலம் காற்று அடித்து மூன்றையும் கலக்கிவிட்டது. பத்தே நாளில் எல்லோர் வாசலிலும் முன்பைவிட அதிகம். தள்ளும்போது உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாகியிருந்தது.

கடைசியில் எல்லோரும் குங்குமியிடம் வந்தார்கள்.

"எல்லாம் உன்னாலதான்!" என்றான் துடுப்பன்.

தப்பு தன்னுடையது என்று குங்குமிக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"கேட்டு வாங்கினது யாரு? நான் யார் வீட்டுக்காவது வந்து திணிச்சேனா? பூவோட அருமை தெரியாத ஜனங்க! இனி யாரும் என் வாசலுக்கு வராதீங்க!"

"வர மாட்டோம்!" என்றார்கள் எல்லோரும்.

"ஆமாம்" என்றான் நெட்டையன், பழக்கதோஷத்தில்.

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை நின்றது. குங்குமி செடிக் கூட்டத்தின் நடுவிலேயே புதுக் கூடு கட்டினாள். முட்டை இட்டாள். காட்டிப் பெருமைப்பட அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. "நமக்கு யாரும் வேண்டாம்!" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்து ஏரி நிரம்பியது. மிச்சத் தண்ணீர் கிழக்கே கலிங்கின் வழியாக ஓவென்ற சத்தத்தோடு வழிந்து கீழே இறங்கியது. மழை விட்டதும், பசி தாங்காமல் குங்குமி இரை தேடக் கிளம்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் முட்டையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

"ஆமாம்" என்றான் நெட்டையன்.

வயிறு நிறைந்து திரும்பியவள் திகைத்து நின்றாள். வாசலைக் காணோம். வீட்டைக் காணோம். புருஷனையும் காணோம். காற்று, செடிக் கூட்டத்தைப் பெயர்த்துக் கலிங்கை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில், தூரத்தில், ஒரு சிவப்பு நெற்றி தெரிந்தது.

"குங்குமீ! வீடு நகருது!" என்று நெட்டையன் கத்தினான்.

அவள் பறந்தடித்துக்கொண்டு போனாள். "ஏங்க, இறங்கி இழுக்கக் கூடாதா?"

"எழுந்திருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே!"

குங்குமி கூட்டின் ஓரத்தைக் கவ்வி இழுத்தாள். அசையவில்லை. கூட்டைச் சுற்றி வேரும் வேரும் பின்னிக் கிடந்தன. கலிங்குப் பக்கம் செடிகள் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து கீழே விழுந்துகொண்டிருந்தன. கூட்டுக்கும் கலிங்குக்கும் இடையில் இன்னும் கொஞ்ச தூரம்தான் மிச்சம்.

அவள் கரைக்குப் பறந்தாள். ஓட்டாண்டி முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் பேசாதவரிடம் எப்படி ஆரம்பிப்பது?

"அண்ணே... என் முட்டைங்க..."

ஓட்டாண்டி அதற்குள் தண்ணீரில் பாதி இறங்கியிருந்தார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்புறம் வந்து சண்டை போட்டுக்கலாம். முதல்ல முட்டை! டேய் துடுப்பா!"

துடுப்பனும் வந்தான். காரி அசைபோடுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். அப்படி ஒரு காட்சியை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

கலிங்குக்கு அருகில் இருந்த கரையிலிருந்து கூடு வரைக்கும் செடிகளை விலக்கி வழி செய்ய வேண்டும். துடுப்பன் அடியில் மூழ்கி, பின்னிக் கிடந்த வேர்களைக் கடித்துத் துண்டித்தான். விடுபட்ட கொத்துகளை ஓட்டாண்டி ஓட்டால் முட்டித் தள்ளினார். காரி அவற்றைக் கொம்பில் அள்ளிக் கரையில் எறிந்தாள். குங்குமி உதிரிச் செடிகளை அலகால் பொறுக்கினாள். தொண்டைமான் நாணலில் ஏறிக் குரல் கொடுத்தான்.

"இழு! தள்ளு! இழு! தள்ளு!"

பாதிப் பேர் இழுத்தார்கள். பாதிப் பேர் தள்ளினார்கள். கொத்து நின்ற இடத்திலேயே சுற்றியது.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து துடுப்பன் தலையை நீட்டிக் கத்தினான்.

"சரி அண்ணே! இழு... இழு... இழு!"

வழி திறந்தது. காரி மார்பளவு தண்ணீரில் நடந்து, கழுத்தளவு ஆழத்தில் நீந்தி, கூட்டுக்கு அடியில் கொம்பைக் கொடுத்தாள். துடுப்பன் கடைசி வேரைக் கடித்தான். கூட்டின் பின்னால் இருந்த செடிகள் கலிங்கில் சரிந்து மறைந்தன. கூடு மட்டும் காரியின் கொம்பில் ஏறிக்கொண்டது. தலையில் கிரீடம் வைத்ததுபோல காரி கரைக்கு வந்தாள். கிரீடத்தின் மேல் நெட்டையன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"இப்ப எழுந்திருக்கலாமா?" என்று கேட்டான்.

"எழுந்திருங்க!" என்றாள் குங்குமி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

மூச்சு வாங்கியபடி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கரையிலிருந்து ஏரிக்குள் நீளமாக ஒரு தெரு போலத் தண்ணீர் திறந்து கிடந்தது. அதில் வானம் தெரிந்தது. பல மாதங்களாக யாரும் தண்ணீரில் வானத்தைப் பார்த்ததில்லை.

குங்குமி எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள். "இந்தச் சனியனைக் கொண்டு வந்தது நான். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வாயாடினேன். மன்னிச்சுக்குங்க."

"கேட்டு வாங்கினது நாங்கதானேம்மா" என்றார் ஓட்டாண்டி.

தொண்டைமானுக்கு ஒரு யோசனை உதித்தது. "எதுக்கு இனி கஷ்டப்படணும்? கலிங்குல தண்ணி போகுது. எல்லாச் செடியையும் அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டா, கீழே இருக்கிற ஏரிக்குப் போயிடும்! நம்ம தொல்லை தீர்ந்துது!"

"ஆஹா!" என்றான் துடுப்பன்.

"கூடாது!" என்று குங்குமி குறுக்கே போய் நின்றாள். "அங்கேயும் ஒரு துடுப்பன் இருப்பான். அவன் குட்டிங்களும் மீன் தின்னணும். இங்கே வாசலுக்கு வாசல் தள்ளி விளையாடினோமே, இதுவும் அதேதான். ஏற்கெனவே விழுந்ததையும் நானே போய் எடுக்கிறேன்."

அவள் நிஜமாகவே போனாள். அன்று மாலை வரைக்கும் கலிங்குக்குக் கீழே சேற்றில் நின்று, விழுந்த செடிகளைப் பொறுக்கிக் கரையேற்றினாள். உடம்பெல்லாம் சேறு. நீலமும் தெரியவில்லை, ஊதாவும் தெரியவில்லை. ஊரே அன்றுதான் அவளை நன்றாகப் பார்த்தது. துடுப்பன் முதலில் இறங்கி வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஊர் முழுவதும் ஏரியில் இறங்கியது. யார் வாசல் என்று பார்க்காமல், ஒரு மூலையிலிருந்து வரிசையாக எடுத்தார்கள். எடுத்ததை மேட்டில் குவித்து வெயிலில் காய வைத்தார்கள். காய்ந்த சருகு காரிக்கு மெத்தையானது. "தின்னத்தான் ருசியில்லை. படுக்க நல்லா இருக்கு" என்று அவள் சான்றிதழ் கொடுத்தாள். குளிர்காலம் கழிவதற்குள் தென்மூலைத் தண்ணீர் தெளிந்தது. வடகரைக்குப் போன மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. துடுப்பனின் குட்டிகள் நத்தையை மறந்தன.

குங்குமியின் குஞ்சுகள் பெரிய பாதங்களோடு தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தன. ஒரு நாள் காலையில் குங்குமி ஓட்டாண்டியின் பாறையடியில் ஒரு துளிர்ச் செடியைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அது என் வாசல்மா. நானே எடுப்பேனே" என்றார் ஓட்டாண்டி.

"வாசல் உங்களுது அண்ணே. தண்ணி நம்மளுது" என்றாள் குங்குமி. குஞ்சுகள் அவள் பின்னாலேயே வந்து, ஆளுக்கு ஒரு வேரைப் பிடித்து இழுத்தன.

எல்லோருக்கும் பொதுவான நீரில் சேர்கிற தீங்கை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதால் யாருக்கும் விடிவில்லை. தன் தவறைத் தயங்காமல் ஒப்புக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக இறங்கிச் சுத்தம் செய்தால்தான் ஊரும் பிழைக்கும், ஏரியும் பிழைக்கும்.