பூமயில் வீட்டுக் கோழிக்கூடு

ஊத்தங்குளத்தில் சுடலைமணி, கொம்பையா, ஐயாக்கண்ணு என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு எழுத்து கூடாது, குறையாது. அதனால் ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. சொல்லியே தீரவேண்டிய கதி சுடலைமணியின் மனைவி பூமயிலுக்கு மட்டும்தான்.

குஞ்சிலிருந்து அவள் வளர்த்த கோழிகளில் ஒரு காட்டுப்பூனை ருசி கண்டுவிட்டது. விடிந்தால் கொல்லையில் இறகு கிடக்கும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது.

"நான் வர்றதுக்குள்ள கொல்லையில கூடு நிக்கணும். இன்னும் ஒரு கோழி போச்சுன்னா நான் அக்கா வீட்டோடயே இருந்துக்கிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மூவருக்கும் சோறு பொங்கத் தெரியாது. ஆகவே விஷயத்தின் கனம் புரிந்தது. இரும்புக்கடை செல்லப்பா அண்ணாச்சியிடம் ஓடினார்கள்.

அவர் ஒரு சுருள் கம்பி வலையைக் கொடுத்து, "வலையை ஒரு அடி மண்ணுக்குள்ள புதைங்க. அப்பத்தான் பூனையோ கீரியோ அடியில மண்ணைப் பறிச்சுக்கிட்டு வராது," என்றார்.

அன்று முழுக்கக் குழி வெட்டினார்கள். சுருளை அப்படியே படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி, மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு தள்ளி நின்று பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"உள்ள வலை இருக்குன்னு பூனைக்குத் தெரியுமா அண்ணே?" என்று கேட்டான் கொம்பையா.

"தெரியாம இருக்கறதுலதான் சூட்சுமமே," என்றான் சுடலைமணி.

புதைத்தாயிற்று, அடுத்து என்ன என்று போய்க் கேட்டபோது, அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "தோண்டி எடுங்க. கம்பு நட்டுச் சுத்திக் கட்டுங்க. அடி ஓரம் மட்டும் மண்ணுக்குள்ள இருக்கட்டும். கூடு தாராளமா இருக்கட்டும். கோழி அளவுக்கு வாசல் வச்சாப் போதும்," என்றார்.

கூடு எழும்பியது. தாராளம் என்றதால் ஆள் குனியாமல் நிற்கிற உயரம். கோழி உட்கார உள்ளே குறுக்குக் கம்பும் கட்டினார்கள். வாசலுக்கு ஒரு பலகை எடுத்து, வெள்ளைக் கோழியை அதன்மேல் படுக்கவைத்துக் கொம்பையா அமுக்கிக்கொள்ள, சுடலைமணி கொண்டை முதல் வால்வரை கரிக்கட்டியால் வரைந்து அறுத்தான். அச்சு அசல் கோழி.

"இது வெள்ளைக்கு மட்டும்தானே சேரும்? சிவப்புக்கு வால் நீளம்," என்றான் ஐயாக்கண்ணு.

"வெள்ளை வாசல்ல சிவப்பு நுழைஞ்சா?" என்று கேட்டான் கொம்பையா.

"அடுத்த வீட்டு வாசல்ல நீ நுழைவியாலே?" என்றான் சுடலைமணி.

நியாயம்தான். ஒவ்வொரு கோழிக்கும் ஒன்றாக அறுத்தார்கள். சேவல் வாசலை அறுத்து முடித்தபோது பலகையே மிச்சமில்லை.

"காத்தோட்டம் நல்லாருக்கு," என்றான் கொம்பையா.

பொறுக்கமாட்டாமல் அண்ணாச்சியே வந்து, பழைய குளியலறைத் தகரக் கதவு ஒன்றை மாட்டி, வெளிப்பக்கம் கொண்டி வைத்தார். கோழிகள் உள்ளே போக மறுத்தன.

"எல்லாம் பழக்கம்தான். ரெண்டு மூணு நாள் உள்ள போட்டு அடைச்சிட்டா இதுதான் வீடுன்னு பதிஞ்சிரும். அப்புறம் தானா வந்து அடையும்," என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

கோழிகளுக்கு எப்படிப் பழகுவதென்று தெரியவில்லை என்பது சுடலைமணியின் அபிப்பிராயம். "நாம பழகிக் காட்டுவோம்," என்றான். மூவரும் உள்ளே போய்க் கம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காற்றடித்தது. கதவு சாத்தியது, கொண்டி விழுந்தது.

"கூப்பிட்டா யாராவது வந்து திறப்பாங்களே," என்றான் ஐயாக்கண்ணு.

"திறந்தா எப்படிலே பழகும்?" என்றான் சுடலைமணி.

உள்ளே கோழிகளுக்கு வைத்த தானியமும் தண்ணீரும் இருந்தன. பழகினார்கள்.

மூன்றாம் நாள் பூமயில் ஊரிலிருந்து திரும்பினாள். வீட்டுக்குள் கட்டிலில் வெள்ளைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்றவை அரிசிச் சாக்கைச் சுற்றி நின்றன. எல்லாம் இருந்தன. புருஷனைத்தான் காணவில்லை. கொல்லைக்கு ஓடினாள்.

"ஏங்க, உள்ள என்ன செய்றீங்க?"

"கூடு ரொம்ப உறுதி," என்றான் சுடலைமணி கம்பில் இருந்தபடியே. "பூனை தினம் வந்துச்சு. சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. எங்கள்ல ஒருத்தரைக்கூட அதால தூக்க முடியல."

பூமயில் கொண்டியை நீக்கினாள். குளிக்கச் சொன்னாள். சோறு வடித்துப் போட்டாள். மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. கை கழுவிய மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லைக்கு நடந்து கூட்டுக்குள் போனார்கள். கடைசியாகப் போன ஐயாக்கண்ணு தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"மைனி, கதவைச் சாத்த மறந்துராதீங்க. பூனை வரும்."

பூமயில் கூட்டைப் பார்த்தாள். கட்டிலில் இருந்த வெள்ளைக் கோழியைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.