பாலத்து வெள்ளைக் கோடு

மெஹருன்னிசாவைக் குரு என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். அடைக்கலத்தைச் சீடன் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். குரு நாற்பதைத் தொடாதவர். சீடனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

இருந்தாலும் அந்தச் சில வாரங்கள் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

திருச்சியில் ஆற்றுப் பாலத்தின் நடைபாதை ஓரம், ஒரு கம்பத்தில் சென்சார் ஒன்றை மாட்டியிருந்தார்கள். நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் அது தானாகவே எண்ணும். வண்டிப் பாதையில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு வருவதால் சைக்கிள்காரர்களும் நடைபாதையில்தான் போவார்கள். நடைபாதையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்று மெஷின் சொல்லும் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள். மெஷின் சொல்வது சரிதானா என்று முதலில் யாராவது பார்க்க வேண்டுமே. அதுதான் மெஹருன்னிசாவின் வேலை.

காலையில் பாலத்தின் முனையில் நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைப்பார். அவர் கையால் எண்ணுவார். பக்கத்தில் ஒரு கேமரா ஓடும். மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து மெஷின் கணக்கையும் மனிதக் கணக்கையும், வீடியோ பார்த்துத் தானே எண்ணிய கணக்கையும் ஒப்பிடுவார். மெஷின் பொய் சொல்கிறதா, மனிதர் பொய் சொல்கிறாரா, இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம் என்று அவரே கேலியாகச் சொல்வார்.

அடைக்கலம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை எண்ணுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று சொல்லித்தான் வேலைக்கு வந்தார். பிதுங்கும் கூட்டத்திலும் டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவாராம். எந்த இடத்தில் உட்காருகிறீர்கள் என்று கேட்டதற்கு, இந்தப் பாலம் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். காரணத்தை மெஹருன்னிசா கேட்கவில்லை.

நடைபாதையின் குறுக்கே மெஹருன்னிசா பெயிண்டால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். யாராவது கோட்டைத் தாண்டினால் அடைக்கலம் தன் கையில் இருக்கும் கிளிக்கரை, அதாவது எண்ணும் கருவியை, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. அவ்வளவுதான் வேலை.

முதல் நாளே சீடன் சறுக்கினார். மெஷினைவிட அவர் கணக்கு ஏகத்துக்குக் குறைவாக இருந்தது. மெஷின்தான் உளறுகிறது என்று அடித்துச் சொன்னார். மெஹருன்னிசா வீடியோவை ஓட்டினார். அதில் ஒரு பால்காரர் பாலத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்.

"இவரை எத்தனை தடவை எண்ணுனீங்க?"

"ஒரு தடவைதான். முகத்தைப் பார்த்து வச்சுக்கிட்டேன்ல மேடம். டிக்கெட் எடுத்தவன்கிட்ட மறுபடி மறுபடி டிக்கெட் கேட்டா அடிக்க வருவான்."

மெஹருன்னிசா வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் இந்தத் தப்பை யாரும் செய்து அவர் பார்த்ததில்லை. கண்டக்டரைத் தவிர வேறு யாராலும் செய்யவும் முடியாது.

"நாம ஆளை எண்ணலைண்ணே. தாண்டுறதை எண்ணுறோம். ஒரே ஆளு பத்துத் தடவை தாண்டுனா, பத்து."

"அப்ப முகம்?"

"முகம் வேண்டாம். கோட்டை மட்டும் பாருங்க."

அடைக்கலத்துக்கு அது பிடிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்தடுத்த நாட்களிலும் கணக்கு உதைத்தது. இப்போது பால்காரரை ஒழுங்காக எண்ணியிருந்தார். ஆனால் இடையிடையே திட்டுத் திட்டாக ஆட்கள் விட்டுப்போயிருந்தார்கள். மெஹருன்னிசா அந்த இடங்களை மட்டும் வீடியோவில் பார்த்தார். இளவயசுப் பையன் ஒருவன் சைக்கிளில் வரும்போதெல்லாம் அடைக்கலத்தின் தலை நிமிர்ந்தது. அவன் பாலம் தாண்டி மறைகிறவரை கூடவே திரும்பியது. அதற்குள் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் டிக்கெட் இல்லாமல் போய்விட்டார்கள்.

மறுநாள் பாலத்துக்கே வந்து, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார்.

அடைக்கலம் மறைக்கவில்லை. மகனைத்தான். பெயர் பெலிக்ஸ். வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர், உன் பையன் காலையில் இந்தப் பாலத்தில் சைக்கிளில் போனதைப் பார்த்தேன் என்று போன மாதம் சொன்னார். அன்றிலிருந்து இவர் பாலத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு வயசாளி வேலைவெட்டி இல்லாமல் பாலத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை முறைத்துப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா? ஆற்றில் குதிக்க வந்தவர் என்று நினைத்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்துப் புத்தி சொன்னார்கள். நாற்காலி போட்டு உட்கார வைக்கிற வேலை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி இன்னும் மூன்று பேருக்குத்தான் அரிசி போடுகிறாள் என்றார். மகன் ஏன் போனான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"எனக்கு அவனைப் பார்க்கணும் மேடம். பேசக்கூட வேண்டாம். ஒரு தடவை பார்த்தாப் போதும்."

பிறகு கம்பத்தைக் காட்டிக் கேட்டார். "இவ்வளவு செலவு பண்ணி மாட்டியிருக்காங்களே, யாரு போறான்னு இது சொல்லாதா?"

மெஹருன்னிசா அவரை எழுந்து வரச் சொன்னார். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டினாற்போல் கம்பத்தைக் கடந்து நடந்தார்கள். பிறகு செல்போனைக் காட்டினார். அதில் மெஷினின் எண்ணிக்கை ஒன்றுதான் கூடியிருந்தது.

"ரெண்டு பேரு போனோமே?"

"ஒட்டி நடந்தா ஒருத்தரை ஒருத்தர் மறைச்சிடுவோம். இதுக்கு ஒரு ஆளுதான். எண்ணவே இந்தப் பாடு படுது. இதுகிட்டப் போய் பேரைக் கேக்குறீங்க."

அடைக்கலம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பெலிக்ஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு காலில் இடித்து இடித்துத்தான் நடப்பான் என்றார். அப்போது இந்த மெஷின் இருந்திருந்தால் எங்களை ஒன்று என்றுதான் எண்ணியிருக்கும் என்றார். மெஹருன்னிசா செல்போனைப் பைக்குள் வைத்தார். தேடிக்கொண்டே எண்ண முடியாது, எண்ணிக்கொண்டே தேட முடியாது, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எண்ணுகிறேன் என்றார் அடைக்கலம். வேலை போனால் நாற்காலியும் போய்விடும்.

அதிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் பசித்தவன் முன்னால் சோற்றுத் தட்டை வைத்துத் தொடாதே என்று சொன்னது போல இருந்தது. ஆனாலும் கோட்டையே பார்த்தார். செருப்புகள் போயின, கொலுசுகள் போயின, சக்கரங்கள் போயின. அவர் கணக்கும் வீடியோக் கணக்கும் ஒன்றாகிவிட்டன. ஒட்டி நடப்பவர்களை மெஷின் எவ்வளவு விட்டுவிடுகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. உங்களை மாதிரி எண்ணுகிறவரை நான் பார்த்ததில்லை என்று மெஹருன்னிசா மனசாரச் சொன்னார்.

அந்த வாரம்தான் மெஹருன்னிசா அதைப் பார்த்தார்.

வீடியோவில் பாலத்தின் அக்கரைப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கோட்டுக்கு முன்னால் வேகம் குறைந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

கோட்டைத் தாண்டவில்லை. அதனால் மெஷின் எண்ணவில்லை, அடைக்கலம் எண்ணவில்லை, மெஹருன்னிசாவும் எண்ணவில்லை. விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் முந்தின நாள் வீடியோவைப் போட்டார். அதிலும் அவன் வந்திருந்தான். அதற்கு முந்தின நாளும் வந்திருந்தான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அடைக்கலத்தை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

அடைக்கலம் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"பெலிக்ஸ்தான்," என்றார். "இளைச்சுட்டான்."

மறுபடி ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் ஓட்டச் சொன்னார். மகன் நிற்கிறான். கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். அப்பா தலை கவிழ்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் ஏறியது.

"முகம் வேண்டாம்னு சொன்னது நீங்கதான். உங்க பேச்சைக் கேட்டுத்தான் குனிஞ்சு உக்காந்தேன். தலையைத் தூக்கியிருந்தா என் புள்ளையைப் பார்த்திருப்பேன்."

மெஹருன்னிசா முதல் நாட்களின் வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டார். அதில் அடைக்கலம் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார். பாலத்தின் நடுவில், வெகு தூரத்தில், ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது திரும்பிப் போய்விட்டது.

"நீங்க நிமிர்ந்து பார்த்தப்ப அங்கேயே நின்னுட்டான். குனிஞ்ச பிறகுதான் இவ்வளவு பக்கத்துல வந்திருக்கான்," என்றார்.

அடைக்கலத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, அப்பா என்று கூப்பிட்டிருக்கலாமே, ஏன் இப்படித் தினமும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறான் என்று கேட்டார். கேட்டது மெஹருன்னிசாவை இல்லை. அவர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

பதிலை அடைக்கலமே சொன்னார். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று பெலிக்ஸ் வந்து நின்ற நாளில், வாய்க்கு வந்ததெல்லாம் பேசியிருக்கிறார். அதில் ஒன்று அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இனிமே என் கண்ணுல படாதேன்னு சொன்னேன் மேடம். நான்தான் சொன்னேன். படாமத்தான் வந்துட்டு வந்துட்டுப் போறான்."

சொல்லிவிட்டு அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுவதைப் பார்க்க மெஹருன்னிசாவுக்கும் தாங்கவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார்.

மறுநாள் அந்தப் பாலத்தில் கடைசி நாள். அடுத்த நாள் முதல் கேமராவும் நாற்காலியும் வேறு இடத்துக்குப் போய்விடும்.

அடைக்கலம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். இரவு தூங்கியவர் மாதிரி தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சைக்கிள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நிமிர்ந்து பார்த்தா போயிடுறான். குனிஞ்சு உக்காந்தா நான் அவனைப் பார்க்க முடியலை," என்றார். "நான் என்னதான் செய்யட்டும் மேடம்?"

மெஹருன்னிசா அவர் கையிலிருந்த கிளிக்கரை வாங்கிக்கொண்டார்.

"எந்திரிங்கண்ணே," என்றார்.

அடைக்கலம் எழுந்தார். மெஹருன்னிசா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு பூக்காரம்மா கூடையோடு தாண்டினார். ஒரு அமுக்கு. பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு தாண்டினார்கள். இரண்டு அமுக்கு.

அடைக்கலம் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு பாலத்தின் அக்கரை முனையைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்தது. நடந்துபோய்க் கோட்டின் விளிம்பில் நின்றார். இத்தனை நாளும் இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களை எண்ணினாரே தவிர, மகனைத் தேடி ஒரு தடவையும் அந்தப் பக்கம் போனதில்லை.

அங்கே போய் நிற்கிறேன், என் முகத்தைப் பார்த்ததும் அவன் அங்கிருந்தும் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். மெஹருன்னிசா தலை நிமிரவில்லை. ஓடினாலும் இந்த வயசில் என்னால் பின்னால் ஓட முடியாதே என்றார்.

அடைக்கலம் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். கோட்டைத் தாண்டினார்.

தாண்டியவர் நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பினார்.

"அவன் இன்னைக்கு வரவே இல்லைன்னா?"

மெஹருன்னிசாவின் கட்டைவிரல் கிளிக்கரை ஒரு தடவை அமுக்கியது.

"நீங்க தாண்டிட்டீங்கண்ணே," என்றார். "எண்ணிட்டேன்."