மேகக்காட்டில் ஒரு மர வைத்தியன்

ஒரு காட்டில் மேகம் குடியிருந்தது, குழந்தைகளே. வந்து போகிற மேகம் இல்லை, வந்து தங்கியே விட்ட மேகம். காலையில் மரங்களின் இடுப்புவரை நிற்கும். மத்தியானம் தோள்வரை ஏறும். சாயங்காலம் மறுபடி இறங்கி வேர்களின்மேல் படுத்துக்கொள்ளும். அந்தக் காட்டுக்குள் நடந்தால், நடக்கிறோமா, தூங்கிக்கொண்டே எங்கேயோ போகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். அதை எல்லாரும் மேகக்காடு என்றே சொன்னார்கள்.

அங்கே இருந்த விலங்குகளும் அப்படித்தான். மெதுவாக நடப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள், பாதிப் பேச்சில் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்கள். சத்தம் போடுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. ஒரு பழம் பொத்தென்று விழுந்தால்கூட அதைக் கொஞ்சம் கோபமாகப் பார்ப்பார்கள்.

அந்தக் காட்டுக்கு ஒரு மரங்கொத்தியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவன் பெயர் செங்கொண்டையன், அவள் பெயர் பொன்முதுகி. மலைக்குக் கீழே வெகுதூரத்தில் இருந்த அவர்களுடைய காடு அந்தக் கோடையில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. பாவம், உயிர் தப்பியதே பெரிய காரியம்.

செங்கொண்டையன் சாதாரண மரங்கொத்தி இல்லை. கீழ்க்காட்டில் ஒன்பது வருடம் மர வைத்தியனாக இருந்தவன். மரத்தை அலகால் இரண்டு தட்டுத் தட்டுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான். உள்ளே கறையான் இருக்கிறதா, வண்டு இருக்கிறதா, எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, எல்லாம் சொல்லிவிடுவான். தான் காப்பாற்றிய ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு சின்னப் பட்டைத் துண்டு எடுத்து வைத்திருந்தான். தீக்கு நடுவில் அந்தத் துண்டுகளை மட்டும்தான் அவனால் தூக்கிக்கொண்டு வர முடிந்தது.

பொன்முதுகிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மரங்கொத்திகள் குச்சியிலும் புல்லிலும் கூடு கட்டமாட்டார்கள். மரத்தைக் குடைந்து, பொந்து செய்து, அதற்குள்தான் முட்டையிடுவார்கள். ஆனால் மேகக்காட்டில் மரத்தை அலகாலோ நகத்தாலோ குடைய வேண்டுமென்றால் மர வைத்தியராக இருக்க வேண்டும். வேறு யார் குடைந்தாலும் மலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே செங்கொண்டையனுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அதுவும் மழைக்கு முன்னால்.

நல்லவேளையாக மர வைத்தியர் வேலை ஒன்று காலியாகவே இருந்தது. ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு வருடமாக அந்தக் காட்டில் எல்லாரும் அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை கொடுப்பவர் தேவாங்கார். அவருக்குப் பெரிய வட்டக் கண்கள். எப்போது பார்த்தாலும் ஆச்சரியப்படுவது போல இருப்பார். ஆனால் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார். செங்கொண்டையன் பட்டைத் துண்டுகளை அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினான்.

"இது என்ன மரம்?" என்று கேட்டார் தேவாங்கார்.

"புளியமரம் ஐயா. வேர்ல கறையான் புகுந்திருந்தது. மூணே நாள்ல சரி பண்ணினேன்."

"இங்க புளியமரம் கிடையாதே. இது?"

"வேம்புங்க."

"அதுவும் கிடையாது. இது?"

"வாகை."

தேவாங்கார் ஒரு துண்டை எடுத்து மெல்லத் தடவிப் பார்த்தார். "அழகா இருக்கு. பத்திரமா வெச்சுக்கோங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மரம் வேறயா இருந்தாலும் பூச்சி ஒண்ணுதானே ஐயா?"

"எங்க ஊர்ப் பூச்சி வேற மாதிரி."

"எப்படி வேற?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. தேவாங்கார் கண்ணை மூடி யோசித்தார். மேகம் வந்து அவரை மூடியது. மேகம் விலகியபோது அவர் ஒரு குட்டித் தூக்கமே போட்டு முடித்திருந்தார்.

"அதை விடுங்க. இந்தக் காட்டுல எத்தனை மழைக்காலம் வேலை பார்த்திருக்கீங்க?"

"நேத்துதான் வந்தேன் ஐயா."

"குறைஞ்சது மூணு மழைக்காலம் பார்த்திருக்கணும். அதுதான் விதி."

"வேலை கொடுத்தீங்கன்னா பார்ப்பேன்."

"பார்த்திருந்தீங்கன்னா கொடுப்போம்," என்றார் தேவாங்கார், மிகவும் அன்பாக.

இருந்தாலும் அவருக்குச் சும்மா அனுப்ப மனசில்லை. ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்று காட்டெருமையாரைக் கூப்பிட்டார்.

அந்தக் காட்டின் ஒரே மர வைத்தியர் காட்டெருமையார்தான். முப்பது வருட அனுபவம். அவருடைய வைத்தியம் என்ன தெரியுமா? மரத்தின்மேல் சாய்ந்து பார்ப்பார். மரம் விழாவிட்டால் மரம் நல்ல மரம். அவ்வளவுதான். இப்போது முழங்கால் வலி வந்துவிட்டதால் கூட ஒரு ஆள் கேட்டிருந்தார்.

"தம்பி, அந்த மரத்துல சாய்ங்க பார்ப்போம்," என்றார் காட்டெருமையார்.

"தட்டிப் பார்த்தா போதும் அண்ணே. எங்க ஊர்ல அப்படித்தான்."

"தட்டறதா?" தேவாங்காரின் கண்கள் இன்னும் பெரிதாகின. "சத்தம் வருமே."

செங்கொண்டையன் வேறு வழியில்லாமல் மரத்தில் போய்ச் சாய்ந்தான். தன் பலம் முழுவதையும் சேர்த்துச் சாய்ந்தான். ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத உடம்பு அது. மரம் பாட்டுக்கு நின்றது.

"ஒரு இலைகூட அசையலையே," என்றார் தேவாங்கார் வருத்தத்தோடு. காட்டெருமையார் சிரித்துவிட்டார். பரீட்சை முடிந்துவிட்டது.

அவனுக்குக் கொடுத்த வேலை, கீழே விழுந்த பழங்களிலிருந்து விதை பொறுக்குவது. அந்த வேலைக்கு எந்த அனுபவமும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் ஒரு தூக்கணாங்குருவியும் விதை பொறுக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ஊர்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டான்.

"கூடு பின்னினேன். ரெண்டு அடுக்குக் கூடு," என்றது குருவி. "இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. இப்பல்லாம் யாராவது கேட்டா விதை பொறுக்கறேன்னுதான் சொல்றேன். நீங்களும் பழகிடுவீங்க."

அந்த வார்த்தை செங்கொண்டையனுக்கு வலித்தது. பழகிவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. வீட்டில் மனைவியிடம், "இன்னும் சொல்லி அனுப்பலை, பார்ப்போம்," என்று பொய் சொன்னான். அவள் நம்புவது போல நடித்தாள். இரண்டு பேரும் ஒரு பாறை இடுக்கில்தான் தங்கியிருந்தார்கள். அங்கே முட்டையிட்டால் உருண்டு பள்ளத்தில் விழும்.

ஒரு மத்தியானம் அவன் பெரிய மருதமரத்தின் கீழே விதை பொறுக்கிக்கொண்டிருந்தான். மேகக்காட்டிலேயே பெரிய மரம் அதுதான். மழைக்காலம் தொடங்கினால் காட்டிலுள்ள குட்டிகள் எல்லாம் அதன் பொந்துகளுக்குள் போய்ச் சுருண்டு தூங்கும். மழை நிற்கும்வரை அதுதான் அவர்களுக்கு வீடு.

எங்கும் அமைதி. மேகம் மரங்களின் தோளில் தவழ்ந்துகொண்டிருந்தது. அப்போது அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது. எங்கேயோ மெல்லிசாகத் தூறல் போடுவது போல. அண்ணாந்து பார்த்தான், தூறல் இல்லை. தலையை வேரோடு ஒட்டி வைத்தான். மரத்துக்குள்ளேதான் தூறிக்கொண்டிருந்தது.

கறையான். ஆயிரக்கணக்கில் கறையான். தெற்குப் பக்கம் முழுவதும் உள்ளே வெறும் மாவாகிவிட்டது.

செங்கொண்டையன் விதையைப் போட்டுவிட்டுத் தேவாங்காரிடம் ஓடினான்.

"ஐயா, பெரிய மருது தாங்காது. முதல் காத்துக்கே சாய்ஞ்சிடும். இந்த வருஷம் குட்டிங்களை அதுல விடாதீங்க."

"நீங்க விதை பொறுக்கறவர் இல்லையா?"

"ஆமாங்க."

"விதையில ஏதாவது பிரச்சினையா?"

"இல்லைங்க, மரத்துல."

"மரத்தைப் பத்தி மர வைத்தியர்தான் சொல்லணும். போன மாசம் சாய்ஞ்சு பார்த்தார். மரம் நிக்குது." தேவாங்கார் கொட்டாவி விட்டார். "மழைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. குட்டிங்களைக் குடியேத்தற வேலை தலைக்கு மேல கிடக்கு. நீங்க போய் விதையைப் பாருங்க."

அவன் பாறை இடுக்குக்குத் திரும்பி வந்து, இந்தத் தடவை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வேலை கிடைக்காததையும் சொன்னான்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் பொன்முதுகி. "மரத்து விஷயத்துல நாம தலையிட்டா நம்மளை அனுப்பிடுவாங்க. இந்த உடம்போட என்னால இன்னொரு மலை பறக்க முடியாதுங்க."

"குட்டிங்க தூங்கற இடம் பொன்னு."

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் காட்டெருமை அண்ணன் எப்பவும் வடக்குப் பக்கமாவே சாயறார், கவனிச்சீங்களா? அந்த இடம் மட்டும் வழவழன்னு இருக்கு. ஒரே ஒரு நாள் தெற்குப் பக்கம் சாய்ஞ்சார்னா, நீங்க பேசவே வேண்டாம்."

மறுநாள் காலையில் செங்கொண்டையன் காட்டெருமையாரைத் தேடிப் போனான். அவர் மருதமரத்தின் வடக்குப் பக்கம் சாய்ந்து, அரைத் தூக்கத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முதுகு அரிப்பு தேவலையா?"

"எங்க தம்பி. இந்த இடம் தேய்ஞ்சே போச்சு. வழுக்குது."

"தெற்குப் பக்கம் பாசி மெத்துனு இருக்கு அண்ணே. பட்டையும் நல்ல சொரசொரப்பு. ஒரு தடவை சாய்ஞ்சு பாருங்க."

"அப்படியா?" என்றார் காட்டெருமையார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பின்னங்கால்களை ஊன்றி, சுகமாகச் சாய்ந்தார்.

மரம் சத்தமே போடவில்லை. காட்டெருமையார் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார். முதலில் வால் போனது, அப்புறம் இடுப்பு, அப்புறம் பாதி முதுகு. மேகம் விலகியபோது அவர் மரத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைமேல் மரமாவு கொட்டிக்கொண்டிருந்தது. காதுக்குள் கறையான்கள் ஊர்ந்தன.

"தம்பி," என்றார் மெதுவாக, "இது நல்ல மரம் இல்லை."

ஆறு மான்கள் சேர்ந்து அவரை வெளியே இழுத்தார்கள். குட்டிகளைக் குடியேற்றும் வேலை நின்றது. ஆறாவது நாள் மத்தியானம் மழையின் முதல் காற்று மலையேறி வந்தது. பெரிய மருது மேகத்துக்குள் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். குட்டிகள் எல்லாம் தூரத்தில், தங்கள் அம்மாக்களின் வயிற்றோடு ஒட்டி நின்று அதைப் பார்த்தன.

அன்றைக்கே தேவாங்கார் எல்லாரையும் கூட்டினார். அவருக்கு நன்றி சொல்லவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை. விதிப்படி போவதுதான் நல்லது என்று முடிவு செய்தார்.

"விதை பொறுக்கறவர் மர வைத்தியத்துல தலையிட்டிருக்கார். அது தப்பு. அதனால..." என்று ஆரம்பித்தார்.

செங்கொண்டையன் தலையைக் குனிந்துகொண்டான். பொன்முதுகி மலையின் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள்.

"நான் கொஞ்சம் பேசலாமா?" என்று காட்டெருமையார் எழுந்தார். அவர் கொம்பில் இன்னும் மரமாவு ஒட்டியிருந்தது.

"முப்பது வருஷமா வடக்குப் பக்கமே சாய்ஞ்சேன். அங்க முதுகுக்கு ஏத்த மாதிரி ஒரு குழி விழுந்திருந்தது. மரம் நல்லா இருக்கான்னு நான் பார்க்கவே இல்லை. எனக்கு நல்லா இருக்கான்னுதான் பார்த்தேன்." அவர் செங்கொண்டையன் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி சாய்ஞ்சப்போ ஒரு இலை அசையலைன்னு நான்தான் சிரிச்சேன். வெட்கமா இருக்கு. வேலையை இவருக்குக் கொடுங்க."

"ஆனா மூணு மழைக்காலம்?" என்றார் தேவாங்கார், பாவமாக.

"என்கிட்ட முப்பது இருக்கு. அதுல மூணை எடுத்து இவர் பேருக்கு எழுதிக்கோங்க."

தேவாங்கார் கண்ணை மூடினார். இந்தத் தடவை தூங்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். மனப்பாடமாக இருந்த விதிகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கொடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே," என்று கண்ணைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டிருந்தார்.

செங்கொண்டையன் அந்த நிமிஷமே வேலையைத் தொடங்கிவிட்டான். மழை வலுப்பதற்குள் குட்டிகளுக்கு வேறு வீடு வேண்டுமே. தூறலில் மரம் மரமாகப் பறந்து தட்டினான். எல்லாரும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரனின் தட்டல், அவர்களுடைய மரங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே சொல்லிக்கொண்டு போனது. இருட்டுவதற்குள் குட்டிகளுக்கு நாலு நல்ல மரங்கள் கிடைத்துவிட்டன.

ஐந்தாவது மரத்தில் அவன் வெகுநேரம் தட்டினான். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. பிறகு மனைவியைக் கூப்பிட்டான்.

"பொன்னு, நீயும் ஒரு தடவை காது வெச்சுக் கேளேன். ஒரு புழுகூட இல்லை."

"கேட்டாச்சு, கேட்டாச்சு," என்றாள் பொன்முதுகி. "சீக்கிரம் குடைங்க. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

நீதி: எப்போது வந்தாய் என்று கேட்பவருக்கு ஓர் ஆள் கிடைப்பதில்லை; என்ன தெரியும் என்று கேட்பவருக்கு ஒரு துணை கிடைக்கிறது.