கண்ணில்லாத சாட்சி

முன்னொரு காலத்தில் உலகத்துக்குச் சூரியன்கள் இரண்டு. ஒன்று வானத்தில் இருந்தது. மற்றொன்று கதிர்முடி மன்னர். வானத்துச் சூரியன் மாலையானால் ஓய்ந்துவிடும். மன்னரோ அல்லும் பகலும் ஓயாமல் ஒளிவீசுபவர் என்று அரண்மனை மாடிப்படி ஓரத்தில் கல்வெட்டே இருந்தது. பொழுது சாய்ந்தபின் மன்னர் அந்தப் படியில் ஏறுவதற்கு, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் தீவட்டி பிடிப்பார்கள்.

இந்த இரண்டாம் சூரியனைக் கண்டுபிடித்தவர் அவைப்புலவர். ‘நாவேந்தர்’ என்ற பட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்து, அதையே மன்னர் கையால் வாங்கிக்கொண்டவர். சூரியனுக்கு நிழல் கிடையாது, ஆகவே மன்னருக்கும் நிழல் கிடையாது என்று அவர் ஒரு நாள் பாடினார். மறுநாளே அது சட்டமாயிற்று. அரண்மனைக்குள் ‘நிழல்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. தோட்டக்காரர்கள் மத்தியான வேளையில், “வெயில் மறந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்” என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போவார்கள். மன்னர் நடக்கையில் தரையில் கூடவே நடந்துவரும் பெரிய கரிய உருவத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்காதவர்கள் ஆனார்கள்.

அந்த அவையில் கொண்டலப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். பேச்சைத் தவிர வேறு தொழில் தெரியாதவன். நாவேந்தர் புதுப் பாட்டு ஒன்றை அரங்கேற்றி, “கண்ணில்லாத உயிரும் காணும் ஒளியே!” என்று நீட்டி முடித்தபோது அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

“கண்ணே இல்லாதது எதைக் கொண்டு பார்க்கும், புலவரே? காதாலா?”

அவை சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த அடி மிகவும் பிடித்திருந்தது.

“அரசே,” என்று நாவேந்தர் குழைந்தார். “ஐயம் எழுப்பியவரே அதைத் தீர்க்கட்டும். கண்ணில்லாத உயிர் ஒன்றை விகடர் இந்த அவைக்குக் கொண்டுவரட்டும். அது தங்கள் ஒளியை உணர்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். ஏழு நாள் தவணை. தவறினால் ஆயுளுக்கும் அவர் வாய் திறக்கக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர்.

வாள் தலைக்கு வந்திருந்தாலும் கொண்டலப்பன் இப்படி வெளிறியிருக்க மாட்டான்.

முதல் நாள் தோட்டத்து ஈரமண்ணைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்தான். கண் இல்லை, முகமே இல்லை. அகல்விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் உடம்பு முழுவதும் கூசிச் சுருங்கி மண்ணுக்குள் போய்விட்டது. ஆகா என்று அதைத் தட்டில் வைத்துக்கொண்டு, அந்தி நேரம் மன்னர் உலாவ வரும் பாதையோரம் நின்றான். முடியும் மணியும் பீதாம்பரமுமாக மன்னர் ஒரு முழத் தூரத்தில் கடந்துபோனார். புழு சாவகாசமாக நீண்டு படுத்திருந்தது.

அதை அவையில் காட்டினால் வாயோடு தலையும் போய்விடும்.

பிறகு வந்த நாட்கள் கனவுபோலக் கழிந்தன. கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து அவன் தேனீக்களைப் பார்த்தான். மன்னரின் செக்கச் சிவந்த கொடிகளை ஏதோ கரித்துணி என்பதுபோல ஒதுக்கிவிட்டு, அவை கொல்லைப் பக்கத்துப் பூசணிப் பூவுக்குப் பறந்தன. நத்தை ஒன்று கொம்பின் நுனியில் கண்ணை வைத்துக்கொண்டு, பார்க்க விருப்பமில்லாதபோது கண்ணையே உள்ளே இழுத்துக்கொண்டது. அவையில் அப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். சுவரில் ஒரு சிலந்தி எட்டுக் கண்களாலும் அவனையே பார்த்தது. ஒரே வெயில்தான் எல்லாவற்றின்மேலும் விழுந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் உலகத்தை அதிலிருந்து கிள்ளி எடுத்துக்கொண்டது. அந்த உலகங்கள் ஒன்றிலும் மன்னர் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கால்போன போக்கில் நடந்து கழிமுகத்துக்கு வந்தான். நீர் வற்றிக் கணுக்கால் அளவே கிடந்தது. அடியில் மணலெங்கும் சின்னச் சின்னத் துளைகள், இரண்டிரண்டாக, மெல்லத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவன் ஓர் அடி வைத்தான். ஊரே கதவடைத்ததுபோல அத்தனை துளைகளும் சட்டென்று மூடிக்கொண்டன.

“யாருய்யா அது? நிழல விழத்தாட்டாம தள்ளி நில்லும்!”

கொண்டலப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லைக் காதால் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. திரும்பினால், இடுப்பில் கூடையோடு ஒரு பெண். சேந்தி என்று பெயர்; அந்தக் கழியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள்.

“அம்மா, இப்போது என்ன சொன்னாய்?”

“நிழலுன்னேன். காது அடைச்சுப் போச்சா? ஒம்ம நிழலு பட்டா மட்டி அம்புட்டும் மூஞ்சிய உள்ள இழுத்துக்கிடும். தொள தெரியலன்னா நா எங்கிட்டுத் தோண்ட?”

“இதற்குக் கண் எங்கே இருக்கிறது?”

“மட்டிக்குக் கண்ணா?” அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “முப்பது வருசமா அவிச்சுத் திங்கேன், இதுவரைக்கும் ஒரு கண்ணு பல்லுல தட்டுப்படல.”

“பின்னே நான் வருவது எப்படித் தெரிகிறது?”

“வெயிலு ஒடம்புல படுதுல்ல? பட்டுக்கிட்டே இருந்தது திடீர்னு நின்னா, மேல என்னமோ வருதுன்னு தோணாதா? நம்பலன்னா கண்ண மூடிக்கிட்டுப் படும். தெரியும்.”

கொண்டலப்பன் அப்படியே தண்ணீரில் படுத்துக் கண்ணை மூடினான். இமைக்குள் செம்மஞ்சளாய் ஒரு வெளி விரிந்தது. கழுத்திலும் மார்பிலும் வெயில் தவழ்ந்தது. உடம்பெல்லாம் ஒரே கண்ணாய் இருந்தது. கரையும் இல்லை, அரண்மனையும் இல்லை, மணல் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் போயிற்றோ. திடீரென்று குளிர்ந்தது. உலகம் ஒரு கணம் அணைந்தது. அவன் தன்னையறியாமல் காலை மடக்கிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தால், முகத்துக்கு மேலே சேந்தியின் கூடை.

“பாத்தீரா? நீரும் மட்டிதான்” என்றாள்.

ஏழாம் நாள் காலை அவை கூடியது. கிழக்கு வாசல் வழியாக இளவெயில் நடு மண்டபம்வரை வந்து கிடந்தது. அந்த வெயிலில் ஓர் அகன்ற வெண்கலத் தட்டம். உள்ளே மணலும் கடல்நீரும். மணலுக்குள்ளிருந்து ஒற்றை மட்டி தன் இரட்டைக் குழலை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“இதுவா சாட்சி?” என்று நாவேந்தர் மூக்கைப் பொத்தினார். “நாறுகிறது!”

“வாய் நாறாத சாட்சி இந்த அவையில் கிடைக்கவில்லை, புலவரே.”

எக்காளம் முழங்கியது. கிழக்கு வாசலில் மன்னர் தோன்றினார். வழக்கம்போல அவருக்கு முன்பாகவே அந்தக் கரிய உருவம் மண்டபத்துக்குள் நீண்டு வந்தது; வழக்கம்போல எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மன்னர் நான்கு அடி வைத்தார். தட்டத்தில் குழல் சுருங்கி மறைந்தது. கிளிஞ்சில் இரண்டும் ‘டப்’பென்று மூடிக்கொண்டன.

“தாங்கவில்லை, அரசே!” என்று கொண்டலப்பன் கைகூப்பினான். “கண்ணே இல்லாதது. தாங்கள் வந்தது தெரிந்து அடங்கிவிட்டது!”

மன்னர் முகம் மலர்ந்தது. ஓரமாய் நகர்ந்தார், சற்று நேரத்தில் குழல் எட்டிப் பார்த்தது. மீண்டும் முன்னால் வந்தார், மறைந்தது.

நாவேந்தர் முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. “மோசடி! ஒளிக்குத்தான் மூடும் என்றால் விளக்குக்கும் மூட வேண்டாமா? விளக்கைக் கொண்டுவாருங்கள்!”

விளக்கு வந்தது. தட்டத்தின் விளிம்பில் வைத்தார்கள். மட்டி நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது.

“பார்த்தீர்களா, அரசே? சில்லறை வெளிச்சத்தை எல்லாம் அது மதிப்பதில்லை” என்றான் கொண்டலப்பன்.

“அரசே, அது ஒளியால் இல்லை! அது… தங்கள்… தங்களுடைய…”

“என்னுடைய?” என்றார் மன்னர்.

நாவேந்தரின் உதடுகள் அந்தச் சொல்லுக்காகக் குவிந்தன. அவரே பாடி, அவரே சட்டம் போட்டுத் தடுக்கவைத்த சொல். அவை முழுவதும் அவர் வாயையே பார்த்தது.

“சொல்லுங்கள் புலவரே, வெட்கப்படாதீர்கள்” என்றான் கொண்டலப்பன். “அரசருடைய எது?”

“…கீர்த்தி” என்றார் நாவேந்தர். குழலை உள்ளிழுத்துக்கொண்டு தம் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

அவை கலைந்தது. தட்டத்தை எடுக்கத் திரும்பி வந்த கொண்டலப்பன் தூணருகே நின்றுவிட்டான். மன்னர் தனியாக மட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முடியைக் கழற்றி வைத்தார், மட்டி திறக்கவில்லை. ஆரங்களைக் கழற்றினார், பீதாம்பரத்தை உருவினார், திறக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, மட்டியின்மேல் விழுந்து கிடந்த கரிய வளைவை வெகு நேரம் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துத் தொந்தியை உள்ளே வாங்கினார்.

வெயில் மட்டியின்மேல் விழுந்தது. குழல் மெல்ல வெளியே வந்தது.

மூச்சை விட்டார். குழல் மறைந்தது.

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். வெறும் வேட்டியோடு தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். “வெளியே வா, கொண்டலப்பா! அங்கே உன் நிழல் தெரிகிறது!”

அந்தச் சொல் மன்னர் வாயிலிருந்து விழுந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கழற்றி வைத்த முத்தாரத்தை மன்னர் அவன் கழுத்தில் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“இப்போது சொன்னீர்களே, அந்தச் சொல், அரசே. தோட்டக்காரர்கள் பாவம்.”

அன்று மாலையே சட்டம் நீங்கியது. கொண்டலப்பன் மட்டியைக் கழியில் விட்டுவிட்டு, ஆரத்தைச் சேந்தியின் கூடையில் வைத்தான். அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் அடக்கிவைத்த பேச்சு வாழ்நாளில் அது ஒன்றுதான்.

மன்னரால் தொந்தியை ஏழு எண்ணும்வரைதான் உள்ளே இழுத்து வைத்திருக்க முடிந்தது.