முள்ளை வெட்டச் சொன்ன வீடு

“எந்தக் கத்தரியால வெட்டணும்?” என்று கேட்டாள் திலகவதி.

“எதை?” என்றாள் ஜெசிந்தா.

“மீனோட முள்ளை.”

வாளியில் உப்பு கலக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இது ஒரு குரு சிஷ்யை கதை. குரு என்றதும் தாடியும் ஆலமரமும் தேடாதீர்கள். இந்தக் குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது, சொந்த ஊர் தூத்துக்குடி. கொளத்தூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்து, கடல் மீன் மட்டும் விற்கிறாள்.

சிஷ்யை திலகவதிக்கு வயது ஐம்பத்து நாலு. தபால் ஆபீஸ் உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. இருக்கிற வீடு அப்பா கட்டியது, அண்ணன் தங்கை இரண்டு பேர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் யாராவது விலாசம் கேட்டால், “அண்ணன் வீட்ல இருக்கேன்” என்றுதான் சொல்வாள். என்ன செய்ய, வாய் அப்படிப் பழகிவிட்டது.

ஏழு மாதம் முன்பு இந்தக் கடையில்தான் அந்தச் சிங்க மீனை வாங்கினாள். விரல் நீளம்தான் இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் வரி, பக்கத்துக்கு ஒன்றாக விசிறி மாதிரித் துடுப்பு. பார்க்கிறவர்கள் விசிறியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அதில் ஒன்றுமே இல்லை. விஷமெல்லாம் முதுகு முள்ளிலும் வயிற்றடி முள்ளிலும் இருக்கிறது.

குத்தினால் பெரும்பாலும் உயிர் போகாது. ஏன் பிறந்தோம் என்று கத்த வைக்கும், அவ்வளவுதான். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வாங்கிய அன்றைக்கே ஜெசிந்தா இதையெல்லாம் ஒப்பிக்க வைத்துத்தான் மீனைக் கொடுத்தாள்.

“யாரு வெட்டச் சொன்னது?”

“அண்ணன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முள்ளை எடுக்கணுமாம். இல்லேன்னா மீனே இருக்கக் கூடாதாம்.”

“வீட்டுல சின்னப் பிள்ளைக உண்டா?”

“லீவுக்குப் பேரப்பசங்க வருவாங்க. அதுக்குத்தான் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிட்டேனே. சாவி என் கழுத்துச் சங்கிலில கிடக்கு.”

“பிறகென்ன?”

திலகவதி முந்தானையை விரலில் சுற்றினாள்.

“நான் வீட்ல, இது சாது மீனு, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அண்ணி போன்ல எதையோ பாத்துட்டுக் கண்டுபிடிச்சுட்டாங்க.”

“ஏன்க்கா பொய் சொன்னீங்க?”

“விஷம்னு சொன்னா விடுவாங்களா?”

ஜெசிந்தா அவளை மூலையில் இருந்த தொட்டியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அதில் அதே ஜாதி மீன் ஒன்று கல்மேல் உட்கார்ந்திருந்தது. இரை கொடுக்கிற நீளக் குச்சியைத் திலகவதியின் கையில் கொடுத்தாள்.

“கிட்ட கொண்டு போங்க.”

கொண்டு போனாள். மீன் நகரவில்லை. முதுகை மட்டும் குச்சிப் பக்கமாகச் சாய்த்து முள்ளை எல்லாம் நிமிர்த்தியது.

“இன்னும் கிட்ட.”

இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இருந்த கல்லை விடவில்லை.

“ஓடுதா?”

“இல்ல.”

“துரத்துதா?”

“அதுவும் இல்ல.”

“குச்சிய எடுத்திருங்க.”

எடுத்தாள். மீன் முள்ளை மடக்கிக்கொண்டு, இவ்வளவுதானா என்பதுபோல ஒரு கொட்டாவி விட்டது.

“இப்ப சொல்லுங்க, எதை வெட்டணும்?”

திலகவதிக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது.

“உனக்கென்னம்மா, சொல்லிடுவே! நாளைக்கு அந்த மூஞ்சிகளைப் பாத்துக்கிட்டு சோறு தின்னப் போறது யாரு? நானா, நீயா?”

“நீங்கதான்” என்றாள் ஜெசிந்தா.

பிறகு மேஜையிலிருந்து ஒரு ஒட்டுத்தாளைக் கிழித்து, தடித்த பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதினாள். ‘விஷ முள். கை வைக்காதீர்கள்.’

“இதைத் தொட்டி முன்னாடி ஒட்டுங்க. வாசல்ல இருந்து பாத்தாத் தெரியணும்.”

“எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தச் சொல்றியா?”

“ஒட்டுங்கக்கா.”

அவ்வளவுதான் உபதேசம். குரு மறுபடி உப்பு வாளிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒட்டினாள். அண்ணி பார்த்துவிட்டு, “அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்!” என்றாள். வெள்ளியும் சனியும் யாரும் திலகவதியோடு பேசவில்லை. அவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் சரிண்ணா என்று சொல்லி அந்த மௌனத்தைத் தானே முடித்து வைக்காமல் இருந்தாள் பாருங்கள், அதுதான் புதிது.

ஞாயிறு காலை அண்ணன் குணசேகரன் ஒரு வாளியும் கைவலையுமாக வந்து நின்றார்.

“என் வீட்ல இருந்துக்கிட்டு எனக்கே போர்டு மாட்டறியா நீ?”

“எல்லாருக்கும்தாண்ணா மாட்டியிருக்கேன்.”

“பூட்டைத் திற.”

பயந்தாளா என்றால், பயந்தாள். நன்றாகவே பயந்தாள். பதவி உயர்வு வந்தபோது, வெளியூரெல்லாம் போக வேண்டாம் என்று சொன்னதும் இதே குரல்தான். அப்போதும் சரிண்ணா என்று சொன்னாள். அதற்கு முன்னால் ஒருத்தர் அவளைப் பெண் கேட்டு வந்தபோதும் அதே சரிண்ணாதான். இந்தக் குரலுக்கு வேறு பதில் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.

சங்கிலியைக் கழற்றினாள். பூட்டைத் திறந்தாள். மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

குணசேகரன் இதை எதிர்பார்க்கவில்லை. அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்திருப்பார் போல. சட்டைக் கையை மடித்தார்.

“அண்ணா, அது எங்க இருக்குன்னு பாக்காம கையை விடாதீங்க. அடுப்புல வெந்நீர் வச்சிருக்கேன். குத்திடுச்சுன்னா உடனே கையை அதுல வைக்கணும். ஆட்டோவுக்கு நான் சொல்றேன்.”

“என்னடி, மிரட்டிப் பாக்கறியா?”

“இல்லண்ணா, சொல்றேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு.”

வலை தண்ணீரைத் தொட்டது. அங்கேயே நின்றது.

குணசேகரன் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தார். உள்ளே கல்லெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசி படிந்து கிடந்தது. எது கல், எது மீன் என்று ஒன்றும் பிடிபடவில்லை. இடது மூலையைப் பார்த்தார், வலது மூலையைப் பார்த்தார். கையை மட்டும் உள்ளே விடவில்லை.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“எங்கடி இருக்கு அது?” என்று குணசேகரன் கத்தினார்.

திலகவதி நகரவில்லை.

“அதோட வீட்ல இருக்குண்ணா. நானும் என் வீட்லதான் இருக்கேன்.”