அடுப்பு கழுவிய தண்ணீர்

கொற்றமேட்டைச் செண்பகமாறர் ஆண்ட காலத்தில், அவர் சாப்பாட்டை அவருக்கு முன்னால் சாப்பிட்டவன் நான். பெயர் ஆவுடை. அரசருக்கு வரும் எதையும் நான் ஒரு வாய் தின்ற பிறகுதான் அவர் தொடுவார். விஷம் இருந்தால் நான் விழுவேன், அவர் பிழைப்பார். இதைப் பெரிய பதவி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் உடம்பில் கொஞ்சம் அறிவு இருந்ததே நாக்கில்தான். மற்ற இடமெல்லாம் சோறு.

அந்த நாக்குக்கே ஆபத்து வந்தது.

கடல் கடந்து வந்த வணிகர்கள் அரசருக்கு ஒரு ரொட்டி அடுப்பு கொடுத்திருந்தார்கள். இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் கதவு, அடியில் நெருப்பு. அதில் ரொட்டியும் ஆட்டுத்தொடையும் சுட்டுச் சுட்டு, உள்ளே நெய்யும் கொழுப்பும் கருகித் தார் பூசியது போல ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் முதலில் புகை வரும், பிறகுதான் ரொட்டி வரும்.

அதைச் சுத்தம் செய்ய அரண்மனை வைத்தியர் மருதவாணர் தாமாகவே முன்வந்தார். சுண்ணாம்பையும் சாம்பலையும் காய்ச்சி வடித்த ஒரு நீர் அவரிடம் இருந்தது. கையில் பட்டால் தோல் உரியும். அதை ஊற்றியதும் பாதிக் கரி கரைந்து வழிந்தது. மீதிக்கு இன்னொரு தடவை ஊற்ற வேண்டும் என்றார். அரசர் பாராட்டினார்.

மறுநாள் அந்த அடுப்பில் சுட்ட ரொட்டி வந்தது. வழக்கப்படி, அடுப்பில் ஒட்டிய அடிப்பக்கம் எனக்கு, நடுப்பக்கம் அரசருக்கு. தின்றேன். நாக்கு வெந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பாயசத்தை ருசி பார்த்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்று அரசரிடம் சொன்னேன்.

வைத்தியர் இதற்காகத்தான் காத்திருந்தார். ஆவுடைக்கு வயதாகிவிட்டது, நாக்கு செத்துப்போய்விட்டது, தம் மைத்துனன் நல்ல நாக்கோடு சும்மா இருக்கிறான் என்று அரசரிடம் போட்டுக்கொடுத்தார். அந்த மைத்துனனுக்குத் தவிட்டுக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. மறுநாள் சபையில் என்னை நிறுத்தினார்கள்.

நாக்கை நீட்டிக் காட்டினேன். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வைத்தியர் மட்டும், வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போயிருக்கும் என்றார்.

"இருக்கலாம் வைத்தியரே. உங்கள் அடுப்பு மருந்து ஒரு சொட்டு உங்கள் நாக்கில் வையுங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் நான் இப்போதே வீட்டுக்குப் போகிறேன்" என்றேன்.

"ஓய், அது இரும்புக்கு உள்ள மருந்து. நாக்குக்கு இல்லை."

"அந்த இரும்பில் சுட்ட ரொட்டி யார் நாக்குக்கு?"

அரசர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் கூரையைப் பார்த்தார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். வாய் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது வராது. தின்னக்கூடிய பொருளை வைத்தே அந்த அடுப்பைப் பளபளவென்று ஆக்கலாம் மகாராஜா என்று அளந்துவிட்டேன். அரசர் பிடித்துக்கொண்டார். நாளை மதியம் சம்பந்தி விருந்துக்கு வருகிறார், அதற்குள் ஆக்கிக் காட்டு, இரும்பு கொண்டு சுரண்டக் கூடாது, முடியாவிட்டால் உன் இடத்தில் அந்த மைத்துனன் உட்காருவான் என்றார்.

அடுப்புக்குள் தலையை விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சமையற்காரர்கள் என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே வந்தபோது முன்பக்கத்தைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். முகம் முழுக்கக் கரி. அடுப்பில் இருந்த கரி ஒரு துளிகூடக் குறையவில்லை.

பசித்தது. குழம்பு ஊற்றிக்கொள்ளப் போனால், சட்டி அடிப்பிடித்து, அதில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடிப்பிடித்த சட்டிக்கு நம் வீடுகளில் வேறென்ன செய்வோம்? அகலமான பாத்திரத்தில் புளியும் உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, சிறு தீயில் விட்டேன். ஆவி ஏறி, கரி ஊறிப் பொருமியது. வெதுவெதுப்பாக ஆனதும் அந்தத் தண்ணீரையே தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். விட்டது. மறுபடி ஆவி, மறுபடி தேய்ப்பு. கை ஓய்ந்துபோனபோது அடுப்பில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாள் மதியம் அரசர் வந்து உள்ளே விரலை ஓட்டினார். விரல் வெள்ளையாகவே வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

வைத்தியர் மெதுவாக முன்னால் வந்தார். "மகாராஜா, என் மருந்தை நாக்கில் வைக்கச் சொன்னாரே ஆவுடை. இவர் அடுப்பு கழுவிய தண்ணீர் அதோ அண்டாவில் இருக்கிறது. தின்னக்கூடிய பொருள்தானே. ஒரு கரண்டி குடித்துக் காட்டட்டும்."

அரசர் யோசித்து, நியாயம்தான் என்றார்.

அண்டாவை எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். மேலே பழைய கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. நடுவில் ஒரு கரப்பான் கால் மிதந்தது. குடிக்க மாட்டேன் என்றால் நானும் வைத்தியரும் ஒன்று. குடித்தால் என் நாக்கு என்னை விட்டே போய்விடும். வைத்தியரின் மைத்துனன் கதவோரம் நின்று உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

கரண்டியை எடுத்தேன்.

"தாராளமாகக் குடிக்கிறேன் மகாராஜா. ஆனால் நான் ருசி பார்த்தது எதுவானாலும் அடுத்து உங்கள் இலைக்குத்தான் போக வேண்டும், அது இந்த அரண்மனை வழக்கம். உங்களுக்குக் கிண்ணத்தில் ஊற்றவா, இல்லை, சம்பந்தியோடு பங்கு போட்டுக்கொள்வீர்களா?"

அரசர் அண்டாவைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேலை எனக்கே நிலைத்தது. கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி எனக்குப் போட்டார். போட்டபடியே சொன்னார், இவ்வளவு நன்றாகக் கழுவுகிற கையை விடலாமா, இனி மாதாமாதம் இந்த அடுப்பு ஆவுடையின் பொறுப்பு என்று.

அப்போது வைத்தியர் சிரித்தார். மைத்துனனை என் இடத்தில் புகுத்தப் பார்த்ததையும் நாக்கை வேகவைத்ததையும் கூட மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிப்பை மட்டும், ஒவ்வொரு மாதமும் அடுப்புக்குள் தலையை விடும்போது, புதிதாக நினைத்துக்கொள்கிறேன்.