கருநீலச் சுருள்விளக்கு

மின்விளக்குகளுக்கும் மந்திரம் தெரிந்திருந்த முன்னொரு காலத்தில், ஒளிமங்கலம் என்னும் நாட்டில் வெயினி என்றோர் இளவரசி வாழ்ந்தாள். சுருண்ட கண்ணாடிக் குழல் கொண்ட சி.எஃப்.எல். விளக்குகளை அவள் சேர்த்துவந்தாள். வெள்ளை வேண்டாம், அரிய நிறங்களே வேண்டும். ஒவ்வொன்றின் பயனையும் ஊகித்துச் சொல்வாள். எவரிடமும் கேட்டறிய மாட்டாள்.

“மஞ்சள் விளக்கு மணமேடைக்கு” என்பாள்.

“பூச்சி அண்டாமலிருப்பதற்கு!” என்று சுவரிலிருந்து பல்லி உச்சுக்கொட்டும். “அதனருகே பட்டினி கிடந்தவன் சொல்கிறேன்.”

“உன்னைக் கேட்டேனா?”

ஒருநாள் மந்திரவாதி ஒருவன் கருநீல விளக்கொன்றைக் கொண்டுவந்தான். “இது எதற்கென்று கேளுங்கள், சொல்கிறேன். கேளாமல் பொய்ப்பயன் கூறினால் அது சாபமாகப் பலிக்கும்.”

“கேட்பதா? நானா?” என்று சிரித்தபடி அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் படகோட்டி பொன்னரி வந்தாள். “தாயே, என் மகள் அல்லி இருட்டைக் கண்டால் அழுகிறாள். ஏதேனும் விளக்கு உண்டா?”

“இதோ, உறங்கவைக்கும் விளக்கு!” என்று கருநீல விளக்கை எடுத்துக் கொடுத்தாள் வெயினி.

அல்லி உறங்கினாள். விடிந்தும் எழவில்லை, வெயில் ஏறியும் எழவில்லை, உச்சிப்பொழுதிலும் எழவில்லை. விளக்கோடு மகளையும் தோளில் சுமந்து பொன்னரி அவைக்கு வந்தாள்.

“தூங்கத்தானே கேட்டேன், தாயே? எழாமலிருக்கவா கேட்டேன்?”

இளவரசியின் முகம் கனன்றது. ஆயினும் நா அடங்கவில்லை. “இது முத்தைச் சோதிக்கும் விளக்கு” என்றாள். குழந்தையின் கை குளிர்ந்தது. “இல்லை, மீனை ஈர்க்கும் விளக்கு” என்றாள். மூச்சு மெலிந்தது.

மூன்றாம் முறை வாய் திறந்தபோது பல்லி கத்தியது: “இன்னொரு பொய் சொன்னால் பிள்ளை பிழைக்காது! ‘தெரியாது’ என்று சொல்லக்கூடத் தெரியாதா?”

அவை முழுவதும் அவளையே பார்த்தது. அவள் தலை தாழ்ந்தது.

“எனக்குத் தெரியாது, பொன்னரி. எந்த விளக்கைப் பற்றியும் தெரியாது. தெரிந்தவள்போல் நடித்தேன்.”

கருநீல விளக்கு தானே எரிந்தது. பகலொளியில் எவர் கண்ணுக்கும் படாத கறைகள் அவள் உதடுகளில் பளிச்சிட்டன. மறைக்க உயர்ந்த கையை அவளே தாழ்த்திக்கொண்டாள்.

அல்லி கொட்டாவி விட்டாள். “அம்மா, இளவரசியின் வாயில் என்ன ஒட்டியிருக்கிறது?”

“என் பொய்கள், கண்ணே” என்றாள் வெயினி. “மறைந்த கறையைக் காட்டுவதே இவ்விளக்கின் பயன். ஊகித்துச் சொல்லவில்லை, கண்டு சொல்கிறேன்.”

பொன்னரி மகளை இறுக அணைத்துக்கொண்டாள். அல்லியின் இரவுத்துணைக்கென மஞ்சள் விளக்கை எடுத்த இளவரசி, சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ஐயா, இது எதற்கு?”

பல்லி மறுபடியும் சொன்னது. அவள் முதன்முறையாகக் கேட்டாள். கறைகள் ஒவ்வொன்றாக மங்கின. வெட்கம் மட்டும் அவளுக்குக் காவலாக நின்றது.